இரண்டு வருடக் கணக்கு: வெய்வர் கேட்பதா, ஊரிலேயே இருந்து கழிப்பதா?

டிஎஸ்-2019 என்ற தாளின் அடியில், இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அமெரிக்கப் பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசா தரும் அதிகாரி அதில் ஒரு டிக் போட்டுக் கொடுப்பார்: இவருக்கு இரண்டு வருட விதி உண்டு, அல்லது இல்லை. 2022-இல் அந்தத் தாள் என் கைக்கு வந்தபோது பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, உதவித்தொகை சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று இரண்டு முறை பார்த்தேன். கட்டத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது மாதம் மண் ஆய்வு செய்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பப் போகிற ஆளுக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

2024 பிப்ரவரியில் கல்யாணம். கணவருக்கு டாலஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை. துணைக்கான எச்-4 விசா போட்டு இரண்டு மாதத்தில் கிளம்பிவிடலாம் என்று எல்லோரும் சொல்ல, பெட்டி வாங்கும் அளவுக்குப் போய்விட்டோம். விண்ணப்பத்துக்காகப் பழைய தாள்களை எடுத்து வைக்கும்போதுதான் கட்டத்தில் இருந்த டிக் கண்ணில் பட்டது. விஷயத்தை மாமியாரிடம் விளக்கியபோது அவர் கேட்டது: “ஏங்கண்ணு, கட்டுனவன்கிட்டப் போறதுக்குமா ரெண்டு கவர்மெண்ட்டு சம்மதிக்கோணும்?”

ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 212(இ) என்ற பிரிவு இருக்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்களில் ஒரு சாரார், படித்ததைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் எண்ணம். அந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்து கழிக்கும் வரை வேலைக்கான எச், நிறுவனத்துக்குள் மாற்றலாகிப் போகும் எல், அமெரிக்கக் குடிமக்களைக் கல்யாணம் செய்யப் போகிறவர்களுக்கான கே வகை விசாக்களோ கிரீன் கார்டோ கிடையாது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே வேறு விசா நிலைக்கு மாறவும் முடியாது, தூதரகப் பணி மாதிரி ஒன்றிரண்டைத் தவிர. எச் என்றால் எச்-1பி மட்டும் இல்லை, மனைவி அல்லது கணவனாகப் போகிற எச்-4-ம் அதில் அடக்கம். எல்-2-ம் அப்படியே. பலர் சறுக்குவது இங்கேதான். “நான் வேலைக்கா போகிறேன், சேர்ந்து வாழத்தானே போகிறேன்” என்று நானும் நினைத்தேன். சட்டம் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

வெய்வர், அதாவது இந்த விதியிலிருந்து விலக்கு, என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள். நானும் நான்கு மாதம் ஓடினேன். ஓடாமல் முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் ஒரு கன்சல்டன்டுக்குக் கொடுத்த பணம் மிச்சமாகியிருக்கும்.

முதல் கேள்வி: விதி உங்களுக்கு உண்மையிலேயே உண்டா?

மூன்று காரணங்களில் ஒன்று இருந்தால்தான் விதி பிடிக்கும். ஒன்று, பரிமாற்றத்துக்கு உங்கள் அரசோ அமெரிக்க அரசோ பணம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு, உங்கள் துறை ‘ஸ்கில்ஸ் லிஸ்ட்’டில், அதாவது உங்கள் நாட்டுக்கு அவசியம் என்று அமெரிக்கா வைத்திருக்கும் துறைகளின் பட்டியலில் இருக்க வேண்டும். மூன்று, ரெசிடென்சி, ஃபெல்லோஷிப் போன்ற மருத்துவப் பயிற்சிக்காக டாக்டராக வந்திருக்க வேண்டும்.

இவற்றில் இரண்டாவது காரணம் இந்தியர்களுக்கு இப்போது இல்லை. 2009-இல் வந்த பட்டியலில் இந்தியாவுக்கு நீளமான துறை வரிசை இருந்தது. 2024 டிசம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் இந்தியாவே இல்லை. சீனாவும் தென் கொரியாவும்கூட வெளியே வந்துவிட்டன. பழைய பட்டியலை மட்டும் வைத்துக் கட்டுப்பட்டிருந்தவர்களுக்கும் இது பின்தேதியிட்டுப் பொருந்தும். மதுரைத் தோழி ஒருத்தி, பல்கலைக்கழகச் சம்பளத்தில் போஸ்ட்டாக் செய்தவள், வெய்வருக்காக எட்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தாள். அந்த டிசம்பரில் ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினாள்: “நான் ஃப்ரீயாம்டி.” கட்டிய 120 டாலர் போனது போனதுதான். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஆனால் விசாவில் அச்சடித்த ‘இரண்டு வருட விதி பொருந்தும்’ என்ற வரி தானாக அழிந்துவிடாது. அந்த வரியும் டிஎஸ்-2019 டிக்கும் முடிந்த முடிவும் இல்லை. அதிகாரி தவறாகப் போட்டிருக்கலாம், போடாமல் விட்டும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் வெய்வர் பிரிவுக்கே எல்லா டிஎஸ்-2019 நகல்களையும் அனுப்பி ‘அட்வைசரி ஒபீனியன்’ கேட்கலாம். இதற்குக் காசு இல்லை. ஜே-1 கணவனோடு ஜே-2-இல் போன மனைவியையும் அதே விதி பிடிக்கும் என்பதால், அப்படிப் போனவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆராய்ச்சியாளராக ஜே-1 முடித்தவர் 24 மாதம் கழித்துத்தான் மறுபடி அதே ஆராய்ச்சியாளர் வகையில் வரலாம் என்று ஒரு தடை இருக்கிறது. அது வேறு, இது வேறு. அந்தத் தடை எச்-4-ஐத் தடுக்காது. இரண்டிலும் ‘இரண்டு வருடம்’ வருவதால் படித்தவர்களே மாற்றிப் பேசுகிறார்கள்.

என் விஷயத்தில் சந்தேகமே இல்லை. நான் போன ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் இரண்டு அரசுகளின் பணமும் இருக்கிறது. கட்டத்தில் டிக் சரியாகத்தான் விழுந்திருந்தது.

வெய்வர் என்னும் ஐந்து கதவுகள்

சட்டத்தில் வெய்வருக்கு ஐந்து வழி உண்டு: சொந்த நாட்டு அரசின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், அமெரிக்கக் குடிமகனான அல்லது கிரீன் கார்டு உள்ள துணைக்கோ குழந்தைக்கோ வரும் அசாதாரணத் துன்பம், திரும்பினால் மதம், இனம், அரசியல் கருத்து காரணமாகத் துன்புறுத்தப்படுவேன் என்ற அச்சம், அமெரிக்க அரசுத் துறை ஒன்றின் வேண்டுகோள், டாக்டர்களுக்கான கான்ராட் 30. மூன்றாவது நம்மில் மிகப் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. பொருந்துகிறவர்கள் நல்ல வக்கீலைப் பிடிக்க வேண்டும், என் கணக்குப் பாடம் அவர்களுக்கு உதவாது.

‘பிரிவு’ என்று ஒரு கதவு இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று யாரும் இரக்கப்பட்டுத் திறந்துவிடும் கதவு எதுவும் இல்லை. உங்களுக்கு யார் பணம் கொடுத்தார், உங்கள் துணையின் கையில் என்ன தாள் இருக்கிறது, இந்த இரண்டை வைத்துத்தான் எல்லாம் நடக்கும்.

அந்தக் கன்சல்டன்ட் எங்களை ‘ஹார்ட்ஷிப்’ வழியில் தள்ளினார். ஏசி அறை, பின்னால் சுதந்திர தேவி படம், மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் புளிப்பு மிட்டாய். “கணவருக்கு மன உளைச்சல் என்று டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிவிடலாம் மேடம்” என்றார். முன்பணமும் வாங்கிக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், துன்பப்படுகிறவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி கணவன் அழுது உருண்டாலும் சட்டத்தின் கண்ணில் அது கணக்கில் வராது. அங்கே பிறந்த குழந்தை இருந்தால் வரும், ஏனென்றால் குழந்தை குடிமகன். எங்களுக்கு அதுவும் இல்லை.

கணவருக்குக் கிரீன் கார்டு வரட்டும், அதன் பிறகு இந்த வழியில் போகலாம் என்று நினைப்பவர்கள் வரிசையைப் பாருங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலை வழிக் கிரீன் கார்டில், 2025-இல் இபி-2, இபி-3 என்ற பிரிவுகள் இரண்டுமே 2013 வாக்கில் விண்ணப்பித்தவர்களிடம்தான் ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்குள் இரண்டு வருடத்தை ஐந்து முறை கழித்துவிடலாம்.

தகுதி உள்ளவர்களுக்கும் இது எளிதான வழி கிடையாது. இரண்டு பக்கத்தையும் நிரூபிக்க வேண்டும்: துணை அமெரிக்காவிலேயே தனியாக இருந்தால் என்ன துன்பம், உங்களோடு இந்தியாவுக்கு வந்தால் என்ன துன்பம் என்று. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விட்டால் மனு விழும். வெறும் பிரிவையும் செலவையும் எல்லாக் குடும்பமும் படுகிற சாதாரணக் கஷ்டமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைக்கு இங்கே கிடைக்காத சிகிச்சை, துணையின் தீவிர நோய் என்று கனமான ஆதாரம் வேண்டும். ஐ-612 படிவம், ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம், வக்கீலுக்குத் தனி. முதலில் குடியேற்றத் துறை பார்த்து, பின்பு வெளியுறவுத் துறைக்குப் போய், மறுபடி குடியேற்றத் துறைக்குத் திரும்புவதால் ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். இருந்தாலும் நோய்வாய்ப்பட்ட அமெரிக்கக் குழந்தையின் தாய்க்கு நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்தான் இந்தியர்கள் அதிகம் கேட்பது. அமெரிக்கப் பக்கம் டிஎஸ்-3035 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 120 டாலரோடு தபாலில் அனுப்ப வேண்டும். ஒரு கேஸ் நம்பர் வரும். அதன் பிறகு இந்தியத் தூதரகம் தன் கடிதத்தை நேரடியாக அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அனுப்ப வேண்டும், உங்கள் கையில் கொடுக்கமாட்டார்கள். அந்தக் கடிதத்துக்கு முன் இந்தியாவில் ‘நோரி’ வாங்க வேண்டும், அதாவது இந்தியாவுக்குத் திரும்பும் கடமை எதுவும் இல்லை என்ற சான்று. மதுரைத் தோழியின் அனுபவத்தில் மாநில அரசு, மத்தியக் கல்வி அமைச்சகம், பாஸ்போர்ட் அலுவலகம் மூன்றிடமும் போக வேண்டியிருந்தது. அவள் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். நோட்டரி போட்ட பிரமாணப் பத்திரத்தை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கும் சென்னைக்கும் பஸ்ஸில் போய் வந்தார். ஒரு அலுவலகத்தில் “இப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறதா சார்?” என்று அவரிடமே கேட்டார்களாம். போலீஸ் விசாரணைக்கு வந்தவர், பெண் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டாளா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். ஐந்து மாதம் இதிலேயே போயிற்று. நம் பக்கத்துக் காகிதம் முழுதாகச் சேர்ந்த பிறகு அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு மூன்று, நான்கு மாதம், கடைசி முடிவு சொல்லும் குடியேற்றத் துறைக்கு மேலும் சில வாரம் அல்லது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது? இந்திய அரசின் பணத்தில் மட்டும் போனவருக்கு. பணம் கொடுத்தவரே ஆட்சேபணை இல்லை என்று சொல்லும்போது அமெரிக்கா பெரும்பாலும் குறுக்கே நிற்பதில்லை. பாண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு விடுப்பில் போன அரசு ஊழியர் என்றால் அந்தப் பாண்டைத் தீர்க்காமல் கடிதம் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்க அரசின் பணமும் கலந்திருந்தால் நிலைமை வேறு. இந்தியா கடிதம் கொடுத்தாலும் வெளியுறவுத் துறை பரிந்துரைப்பது அபூர்வம். என்னுடையது அந்த ரகம். டாக்டர் பயிற்சிக்கு வந்தவர்களுக்கோ இந்தக் கதவு சட்டப்படியே மூடியிருக்கிறது.

இன்னும் ஜே-1-இல் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பரிந்துரைக் கடிதம் வந்துவிட்டால் அதன் பிறகு ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. ஆய்வு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது அவசரப்பட்டு வெய்வர் வாங்கி, வேலையும் இல்லாமல் எச்-1பி-யும் இல்லாமல் நடுவில் நின்றவர்கள் உண்டு.

அரசுத் துறை வேண்டுகோள் என்பது, நீங்கள் போய்விட்டால் எங்கள் வேலை கெடும் என்று சுகாதாரத் துறை, எரிசக்தித் துறை, பாதுகாப்புத் துறை போல ஒன்று எழுதித் தருவது. உங்கள் பேராசிரியர் எவ்வளவு நல்லவர் என்றாலும் அவர் கடிதம் போதாது, துறையே கேட்க வேண்டும். துணையோடு சேர்வதற்காக இதை எதிர்பார்த்துக் காத்திருப்பது லாட்டரி மாதிரி.

டாக்டர்களின் கதை

என்னோடு பள்ளியில் படித்தவள், இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சியை ஜே-1-இல் முடித்தாள். கணவர் நியூ ஜெர்சியில் வேலை. அவளுக்குக் கான்ராட் 30 இருந்தது. நார்த் டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்து 1994-இல் தொடங்கிய திட்டம். முதலில் மாநிலத்துக்கு 20 டாக்டர்கள், 2002 முதல் 30. டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம், வாரம் 40 மணி நேரம் எச்-1பி-யில் வேலை செய்ய ஒப்பந்தம் போட்டால் இரண்டு வருடம் தள்ளுபடி. எச்-1பி குலுக்கலும் கிடையாது. அக்டோபர் 1-இல் புதுக் கணக்கு தொடங்கும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், சில மாநிலங்களில் மிச்சமே இருக்கும். 30-இல் 10 இடங்களை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அங்கிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவமனைக்கு மாநிலம் தரலாம். நகரத்துக்கு அருகே வேண்டும் என்பவர்கள் அதற்குத்தான் போட்டி போடுகிறார்கள். இந்தத் திட்டம் நிரந்தரமானதும் இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறது.

அவள் கிடைத்த இடத்தை எடுத்துக்கொண்டாள். மத்திய மேற்கில் ஒரு சிற்றூர், பெரிய விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரக் கார் பயணம். கணவரோ வாரம் மூன்று நாள் நியூ ஜெர்சி ஆபீஸில் இருக்க வேண்டியவர். வெய்வர் கிடைத்துவிட்டது, ஆனால் சேர்ந்து வாழ்வது மாதத்துக்கு இரண்டு வார இறுதிகள்தான். மூன்று வருடத்துக்கு. இரண்டு வருடம் இந்தியாவில் இருந்திருந்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். “ரெசிடென்சி முடிச்ச கையோட ரெண்டு வருஷம் அங்க பிராக்டிஸ் விட்டுப்போனா, மறுபடி வேலை தேட யாருடி எடுப்பா?” என்றாள். அதுவும் நியாயம். அவள் துறையில் கான்ராட்தான் சரி. ஆனால் துணையோடு சேரத்தான் வெய்வர் என்றால், வேலை இருக்கும் ஊரின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

சுற்று வழிகள்

212(இ) தடுக்காத விசாக்களும் இருக்கின்றன. எஃப்-1 மாணவர் விசா, ஓ-1 திறமையாளர் விசா, சுற்றுலா விசா. கணவர் மாணவராக இருந்தால் எஃப்-2, ஜே-1-இல் இருந்தால் ஜே-2. விதி அப்படியே இருக்கும், ஆனால் இந்த விசாக்களில் போகலாம். அங்கே போய் எச்-4-க்கு மாற முடியாது. என் கணவர் எச்-1பி-க்கு மாறியது கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்னால். அவர் ஓபிடி-யிலேயே, அதாவது படிப்பு முடிந்து மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதியில், இருந்திருந்தால் நான் எஃப்-2-இல் போயிருப்பேன் என்று அவ்வப்போது வீட்டில் புலம்பினோம். போயிருந்தாலும் அவர் எச்-1பி ஆன நாளில் நான் பெட்டி கட்டியிருக்க வேண்டும் என்பது பிறகு உறைத்தது.

எஃப்-1 ஆசை எனக்கு வந்தது. டாலஸிலேயே ஒரு மாஸ்டர்ஸ் சேர்ந்துவிடலாமே! முனைவர் பட்டம் முடிக்கப் போகிறவளுக்கு மாஸ்டர்ஸ் எதற்கு என்று விசா அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? படித்து முடித்துத் திரும்பிவிடுவேன் என்று, கணவன் அங்கே இருக்கும்போது, எந்த முகத்தோடு சொல்வது? அதெல்லாம் தாண்டினாலும் ஃபீஸ் கட்டி இரண்டு வருடம் படித்த பிறகும் எச்-4 இல்லை, எச்-1பி இல்லை, கிரீன் கார்டு இல்லை. அமெரிக்காவில் இருந்த நாள் இரண்டு வருடக் கணக்கில் சேராது. கடன் தள்ளிப்போகும், வட்டியோடு. இந்த யோசனையை ஒரே இரவில் விட்டேன்.

ஓ-1 வேறு ரகம். நல்ல வெளியீடுகள், பரிசுகள், எடுக்கத் தயாரான நிறுவனம் எல்லாம் இருக்கும் ஆராய்ச்சியாளர் அதில் போய் வேலையும் செய்யலாம், துணையோடும் இருக்கலாம். வக்கீல் செலவு ஆயிரக்கணக்கான டாலர், விசாவை வெளிநாட்டில்தான் ஸ்டாம்ப் செய்ய வேண்டும், கிரீன் கார்டுக்கு இரண்டு வருடம் குறுக்கே நிற்கும். வேலைதான் முதல், சேர்வது அதோடு வரட்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். என் இரண்டு கட்டுரைகளை வைத்துக்கொண்டு ஓ-1 கேட்டால் சிரிப்பார்கள்.

இருந்து கழிப்பது

இந்த வழியை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். காரணம் ஒரு சின்ன விவரம்: இரண்டு வருடத்தைத் தொடர்ச்சியாகக் கழிக்க வேண்டியதில்லை, கூட்டிப் பார்த்தால் போதும். கல்யாணத்துக்கு முன் இந்தியாவில் இருந்த நாட்களும் சேரும்.

நான் திரும்பி வந்தது 2023 ஜூன் 2. கல்யாணத்தன்று எட்டு மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது. கன்சல்டன்ட் என்னிடம் இதைக் கேட்கவே இல்லை.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து எழுத ஆரம்பித்தேன். ஜூன் 3-இலிருந்து 730 நாள் எண்ணினால் 2025 ஜூன் 1. (நடுவில் 2024 லீப் வருடம். இரண்டு வருடம் என்பதை 731 நாள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அதற்காக ஒரு நாளைக் கூடுதலாகவே இருந்துவிடலாம்.) அதற்குள் ஒரு மாநாட்டுக்காகச் சிங்கப்பூரில் 6 நாள். பிறகு பழைய பத்து வருட சுற்றுலா விசாவில் கணவரைப் பார்க்கப் போன 41 நாள். மொத்தம் 47. ஜூன் 1-ஐ அவ்வளவு தள்ளினால் ஜூலை 18. கிளம்பும் நாளும் வந்திறங்கும் நாளும் எந்தப் பக்கம் என்று குழப்பம் வந்தது. இரண்டையுமே இந்தியக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு நாளுக்காக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. சென்னை விமான நிலைய முத்திரை ஒன்று மை பரவி, தேதி 8-ஆ 6-ஆ என்று தெரியவில்லை. அதற்காக போர்டிங் பாஸைத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டினேன்.

இந்தக் கணக்கு போட்டதும் இன்னொன்று தெரிந்தது. நான் அங்கே போனால் என் நாள் குறைகிறது. அவர் இங்கே வந்தால் குறைவதில்லை. அவர் எச்-1பி முத்திரை இன்னும் ஒரு வருடத்துக்கு உயிரோடு இருந்தது. ஆகவே அவர் இரண்டு முறை வந்தார், தீபாவளிக்குப் பத்து நாளும் அடுத்த சித்திரைக்கு மூன்று வாரமும். டிக்கெட் செலவு ஒன்றுதான், ஆனால் என் 41 நாள் பயணம் எங்களைச் சேர்த்து வைத்ததோடு மேலும் 41 நாள் பிரித்தும் வைத்தது. கணக்குப்படி பார்த்தால் அந்தப் பயணத்தை நான் போயிருக்கக் கூடாது. தெரிந்தேதான் போனேன். முதல் கல்யாண நாள் அது.

2024 பிப்ரவரியில் நின்று இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடித வழிக்கு நோரி ஐந்து மாதம், அமெரிக்கப் பக்கம் ஐந்தாறு மாதம், ஆக பத்துப் பதினொரு மாதம். கடைசியில் ‘இல்லை’ என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். இருந்து கழிக்க 17 மாதம், முடிவு உறுதி. ஆறு மாத லாபத்துக்காக ஆடுகிற சூதாட்டம் அது. என் இடத்தில் இந்திய அரசுப் பணத்தில் மட்டும் போய், நேற்றுத்தான் திரும்பி வந்த ஒருத்தி இருந்தால் கணக்கு தலைகீழாகும். அவளுக்கு 24 மாதம் பாக்கி, கடிதம் கிடைக்கும் வாய்ப்பும் நல்லது. அவள் கட்டாயம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே நாளையும் எண்ணலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். எச்-4-இல் போனால் உடனே வேலைக்குப் போக முடியாது. 2015 முதல் எச்-4 துணைக்கு வேலை அனுமதி உண்டு, ஆனால் பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும். எங்களுக்கு அது ஆனது 2025 மே மாதத்தில். வெய்வர் மந்திரம்போல் உடனே பலித்திருந்தாலும் நான் அங்கே ஒரு வருடம் அடுப்படியில் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். இங்கே அந்தக் காலத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன், ஒரு திட்டத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். சேர்ந்திருப்பதற்கு இது ஈடு என்று சொல்லமாட்டேன். இங்கே மாலையில், அவர் அங்கே காலை நடைக்குப் போகும் நேரத்தில் போனில் பேசிப் பேசி, டாலஸில் அவர் தெருவில் எந்த வீட்டில் நாய் குரைக்கும் என்று இங்கிருந்தே சொல்வேன்.

ஆதாரத்தை அன்றாடம் சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், பழைய பாஸ்போர்ட் எல்லாம். முத்திரைகள்தான் முதல் சாட்சி, மற்றவை துணைச் சாட்சி. நாட்கள் முடிந்ததற்கு யாரும் தனியாகச் சான்றிதழ் தருவதில்லை. விசா நேர்காணலில் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஜூலை 18 கடந்து பத்து நாள் சேர்த்துக்கொண்டு, ஆகஸ்டில் நேர்காணலுக்குப் போனேன். நோட்டு, நகல், ஒட்டிய போர்டிங் பாஸ், தேதி வாரியாக ஒரு பக்க அட்டவணை எல்லாம் தயார். அதிகாரி அட்டவணையை மட்டும் வாங்கி, மூன்று முத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மொத்தம் நான்கு நிமிடம். இப்போது போகிறவர்கள் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள், இந்தியாவில் பலருக்கு நேர்காணல் தேதியே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 730-ஆவது நாளுக்கு மறுநாளே டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

நோட்டு இப்போது டாலஸில், சமையலறை டிராயரில் மளிகைக் கூப்பன்களுக்கு அடியில் இருக்கிறது. எறியலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கிரீன் கார்டுக்கு ஐ-485 போடுகிற அன்றைக்கும் இரண்டு வருடத்தை எங்கே கழித்தாய் என்று மறுபடி கேட்பார்கள், அதற்குள் அந்த முத்திரையின் மை இன்னும் மங்கியிருக்கும்.